சகலை மகளின் பல்வரிசை

சகலை வாங்கிய காரைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். சகலையின் வீடு, சகலையின் சம்பளம், மாமியார் சகலைக்கு மட்டும் கேட்காமலே வைக்கும் இரண்டாவது வடை, இவற்றைப் பார்த்துப் பொருமியவர்களும் உண்டு. இதெல்லாம் மனிதனுக்கு வரக்கூடிய பொறாமைதான். ஆனால் சகலையின் நாலு வயது மகளுடைய பால்பற்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரு வளர்ந்த ஆண்பிள்ளையை நீங்கள் இதுவரை சந்தித்திருக்க மாட்டீர்கள். நான்தான் அந்த ஆள். (காரைப் பார்த்தும் பட்டேன். வடையைப் பார்த்தும்தான். மறைப்பானேன்.)

சொந்த ஊர் அம்பாசமுத்திரம். எல்லை தாண்டி மலையாள நாட்டில், கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அங்கேயே ஏழாவது மாடியில் வாடகைக்கு ஒரு ஃபிளாட். என் மனைவி ராஜியின் தங்கை கீதாவைக் கட்டியவன் சந்துரு. அவர்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக அதே ஊரில் ஆரியசாலைக் கடைத்தெருவில் வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம், கரமனையில் சொந்த வீடு. என்னைவிட இரண்டு வயது சின்னவன், நாலு விரல் உயரம் அதிகம். அவன் தமிழ் பேசினால் பாதி மலையாளமாக வரும். மலையாளம் பேசினால் முழு மலையாளமாக வரும். (என் மலையாளம் இன்றுவரை ஆட்டோக்காரர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.)

அவனிடம் இருந்த ஒரே குறை அவன் நல்லவன் என்பதுதான். ஒரு சகலை என்றால் கொஞ்சமாவது அலட்டிக்கொள்ள வேண்டாமா? கார் வாங்கிய அன்றைக்கே சாவியை என் கையில் கொடுத்து, "அண்ணே, நீங்க முதல்ல ஓட்டுங்க" என்றான். அப்படிப்பட்ட மனிதன்மேல் எப்படிக் கோபப்படுவது? கோபப்பட வழியில்லாத இடத்தில்தான் பொறாமை நன்றாக வேர் பிடிக்கிறது என்பது என் அனுபவம்.

எங்கள் நந்துவும் அவர்களுடைய மித்ராவும் இருபது நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். நந்துதான் மூத்தவள். கையில் கிடைத்த இந்த இருபது நாள் முன்னிலையை அவள் எங்கே தொலைத்தாள் என்று எனக்குப் புரியவே இல்லை. குப்புற விழுந்ததில் மித்ரா முந்தினாள். தவழ்ந்ததில் முந்தினாள். "அம்மா" என்று நந்து சொன்ன வாரத்தில் மித்ரா "ஆட்டோ" என்றாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பல் முளைத்தபோதுதான் என்னால் முடியவில்லை. பச்சரிசியில் முனை உடையாததாகப் பொறுக்கி எடுத்து, நூல் பிடித்து நட்ட மாதிரி ஒரு வரிசை. அவள் சிரித்தால் வீட்டில் இருக்கும் எல்லோரும் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். என் மாமியார் ஒருநாள் என்னை வைத்துக்கொண்டே, "மித்ராக்குட்டி பல்லைப் பாத்தீங்களா மாப்பிள்ளை" என்றார். பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

நந்துவை எல்.கே.ஜி.யில் சேர்த்த மூன்றாவது மாதம், அவளுடைய டீச்சர் என்னை வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டார். நான் தமிழன் என்பதால் எனக்காக மலையாளத்தைக் கொஞ்சம் வளைத்துப் பேசுவார்.

"நந்து நல்ல குட்டியாணு சார். நல்லா பாடும். பின்னே... வாயில ஒரு சின்ன ஸ்மெல் உண்டு. பக்கத்துல இருக்கற பிள்ளைகள் எழுந்து மாறி உக்காருது. வீட்டுல ஒண்ணு கவனிச்சா மதி."

மதி என்றால் போதும். அந்த ஒரு சொல்லை எனக்காகவே தடவிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் நந்துவை மடியில் உட்கார வைத்து, "அப்பாவுக்கு ஒரு ஹா சொல்லு" என்றேன். சொன்னாள். வெள்ளிக்கிழமை பையிலேயே மறந்துபோன டிபன் பாக்ஸைத் திங்கட்கிழமை காலை திறந்த மாதிரி இருந்தது.

நல்ல தகப்பனாக இருந்தால் அந்த நிமிடத்தில் என்ன நினைத்திருப்பான்? குழந்தைக்கு உடம்புக்கு ஏதாவதா, வயிற்றில் கோளாறா என்று பதறியிருப்பான். நான் நினைத்தது இது: மித்ராவுக்கும் இப்படி இருக்குமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரமனைக்குப் போனோம். பெண்கள் இருவரும் சமையலறையில், சந்துரு மாடியில். கூடத்தில் மித்ரா தனியாகப் படம் வரைந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

"மித்ராக்குட்டி, பெரியப்பா மூஞ்சில ஒரு தடவை ஊது பாப்போம்."

குழந்தை சந்தோஷமாக ஊதினாள். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "இன்னொரு தடவை, பலமா" என்றேன். மூன்றாவது முறை ஊதிக்கொண்டிருந்தபோது சந்துரு படியில் இறங்கி வந்துவிட்டான்.

"எந்தா அண்ணே, போலீஸ் செக்கிங்கா? அவ வண்டி ஓட்டறதில்லை, கேட்டோ." (கேட்டோ என்றால், கேட்டீங்களா.)

"இல்ல, ஊர்ல இருமல் பரவுதுல்ல. தொண்டையில சத்தம் வருதான்னு பாக்குறேன்" என்றேன்.

"உங்களுக்கு எங்க பிள்ளை மேல எவ்ளோ அக்கறை பாருங்க" என்று அவன் கீதாவைக் கூப்பிட்டுச் சொன்னான். அதுதான் சந்துரு. (அந்தக் குழந்தையின் வாய், பாயசம் ஆறிக்கொண்டிருக்கும் உருளியைத் திறந்த மாதிரி மணத்தது. ஆற்றாமையாக இருந்தது.)

அன்றிலிருந்து நான் கிருமி ஆராய்ச்சியில் இறங்கினேன். அலுவலகத்தில் மதிய இடைவேளையில் எல்லோரும் கிரிக்கெட் பார்க்கும்போது நான் குழந்தைகளின் வாயைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பேன். வாய்க்குள் எண்ண முடியாத கிருமிகள் குடியிருக்கின்றன. நாக்கின் பின்பக்கத்தில், பல்லிடுக்கில், மிச்சமிருக்கும் சோற்றைத் தின்று வாயுவை விடுகின்றன. வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் எச்சில் வற்றி இன்னும் பெருகுகின்றன. நந்து தூங்கும்போது அவள் தாடையை மெல்ல மூடிவிட்டேன். அது மறுபடி திறந்தது. மறுபடி மூடினேன்.

"ஏங்க, டாக்டர்கிட்ட காட்டிட்டா முடிஞ்சு போச்சுல்ல" என்றாள் ராஜி.

அதுதான் முடியாது. டாக்டரிடம் போனால் ராஜி கீதாவிடம் சொல்வாள். கீதா சந்துருவிடம் சொல்வாள். சந்துரு உடனே போன் செய்து, அனுதாபமாக, ஒரு நல்ல டாக்டர் பெயரைச் சொல்வான். அந்த அனுதாபத்தை என்னால் தாங்க முடியாது. "சின்னப் பிள்ளைக்கு எல்லாம் சாதாரணம். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இந்த நேரத்தில்தான் சந்துரு போன் செய்தான். ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, எங்க தெரு அசோசியேஷன்ல ஓணப் பரிபாடி உண்டு, விளையாட்டு, பாயசம் எல்லாம். இந்தத் தடவை பிள்ளைகளுக்குப் பல் பரிசோதனையும் வச்சிருக்கோம். பல்லு நல்லா இருக்கற குட்டிக்கு ஒரு சம்மானம். நந்துவையும் கொண்டு வரணும். ஜெயிக்கணும்னு இல்ல, சும்மா பங்கெடுத்தா மதி."

சும்மா பங்கெடுத்தா மதி. அந்த வார்த்தை எனக்குள் எங்கே போய்க் குத்தியது என்று அவனுக்குத் தெரிய நியாயமில்லை. அப்பாவியாகத்தான் சொன்னான். அதனால்தான் அவ்வளவு ஆழமாகப் போயிற்று. போனை வைத்தபோது என் முன்னால் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

நந்துவின் பல் தேய்க்கும் பொறுப்பை ராஜியிடமிருந்து பறித்துக்கொண்டேன். காலையும் மாலையும் அவளைக் கண்ணாடி முன்னால் ஸ்டூலில் நிறுத்துவேன். போட்டி என்றால் சிரிக்கச் சொல்வார்கள். சிரித்தால் தெரிவது முன்பல். ஆகவே முன்பல்லில்தான் உழைப்பைப் போட வேண்டும். இதுதான் என் திட்டம். மேலே நாலு, கீழே நாலு. பித்தளை விளக்கைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். பிரஷ் கடைவாய்ப் பக்கம் போனால் அவள் என் கையைத் தட்டிவிடுவாள். "அங்கே வேண்டா, நோவுது" என்பாள். நேரமும் குறைவு, அழ ஆரம்பித்தால் முழு நிகழ்ச்சியும் கெட்டுவிடும். "சரி, அங்கே யாரும் பாக்கப் போறதில்லை" என்று விட்டுவிட்டேன்.

மணத்துக்கு ஏலக்காய். பள்ளிக்குப் புறப்படும்போது ஒன்று, வந்ததும் ஒன்று. முதல் நாள் சமர்த்தாக மென்றாள். இரண்டாம் நாள் என் சட்டைப்பையில் துப்பினாள். மூன்றாம் நாள் ஸ்கூல் வேனில் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் பையில் போட்டுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. நாக்கு வழிக்கும் முயற்சியில் என் ஆள்காட்டி விரலில் இரண்டு பல் தடம் பதிந்தது. அதைப் பார்த்து, கடி பலமாக இருக்கிறது, பல் ஆரோக்கியம்தான் என்று மகிழ்ந்தேன். மனிதன் எந்த அளவுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு அந்த விரல் சாட்சி.

போட்டி நாள் காலை கரமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். தெருவை அடைத்துப் பந்தல். முகப்பில் பூக்களம், ஓரத்தில் செண்டை மேளம். ஒரு பக்கம் வடம் இழுக்கக் கயிறு, இன்னொரு பக்கம் பாயசத்துக்கு வரிசை. மேடையில் ஒரு நாற்காலி, பக்கத்தில் கண்ணாடியும் சின்ன டார்ச்சுமாகப் பல் டாக்டர். நாற்பது வயதிருக்கும் அம்மாள். நாகர்கோவிலில் படித்தவர் என்று சந்துரு சொன்னான். தமிழும் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு குழந்தையும் போய் உட்கார வேண்டும். டாக்டர் முதலில் மைக்கில் இரண்டு வார்த்தை பேசி, பயத்தைப் போக்கிவிட்டு, பிறகு வாயைப் பார்ப்பார். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அசோசியேஷன் செயலாளர். அதாவது சந்துரு.

மித்ரா போனாள். பட்டுப்பாவாடை.

"நல்ல பல்லு வேணும்னா என்ன செய்யணும்?" என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார்.

"ரெண்டு நேரம் பல்லு தேய்க்கணும், மிட்டாய் குறைக்கணும், சாப்பிட்டா வாய் கொப்பளிக்கணும்" என்று மித்ரா மலையாளத்தில் ஒப்பித்தாள். கைதட்டல். டாக்டர் அவள் வாயைப் பார்த்துவிட்டு, "இதைப் பாத்தா எனக்கு வேலையே இல்லை போலிருக்கே" என்றார். மறுபடி கைதட்டல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன். என் கைகள் மட்டும் தட்டின.

அடுத்தது நந்து. போய் ஏறி உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடியே முன்பற்கள் எட்டும் தெரிய இளித்தாள். பளிச்சென்று இருந்தது. டாக்டரின் புருவம் உயர்ந்ததை நானே பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று ராஜியின் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"ஆஹா. மோளே, நல்ல பல்லு வேணும்னா என்ன செய்யணும்?"

நந்து யோசித்தாள். "பிரார்த்திக்கணும்" என்றாள்.

கூட்டம் ரசித்தது. டாக்டரும் சிரித்தார். "அப்படியா? என்னன்னு பிரார்த்திக்கணும்?"

என் மகள் இரண்டு கைகளையும் கூப்பினாள். கண்ணை மூடினாள். மலையாளம் சரளமாகப் பேசுகிறாள் என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்த குழந்தை, அந்தச் சரளத்தை முழுவதுமாகப் பயன்படுத்தி, மைக்கில் தெளிவாகச் சொன்னாள்:

"சாமீ, மித்ரேட பல்லொக்கெ போணே."

மித்ராவின் பல்லெல்லாம் போகட்டும் என்று அர்த்தம். அங்கே கூடியிருந்தவர்களில் அர்த்தம் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை.

பாயச வரிசை திரும்பிப் பார்த்தது. கயிறு இழுக்கத் தயாராக நின்றவர்கள் கயிற்றைக் கீழே போட்டார்கள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது யாரு சொல்லித் தந்தது?" என்று கேட்டார். நந்து கண்ணைத் திறந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, "அச்சன்" என்றாள். முன்வரிசையில் என்னைத் தவிர வேறு அப்பாக்கள் யாரும் இல்லை. வேறு யாரையும் காட்டியதாகச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

என் தரப்பு நியாயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். முந்தின நாள் காலை நந்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனது உண்மை. உடைக்கும்போது வாய்விட்டு வேண்டிக்கொண்டதும் உண்மை. ஆனால் நான் கேட்டது ஒரே ஒரு சொத்தை. அதுவும் சின்னதாக, வலிக்காத மாதிரி, போட்டி முடிந்ததும் தானே சரியாகிவிடக்கூடிய மாதிரி ஒன்று. "எல்லாம்" என்று நான் சொல்லவே இல்லை. குழந்தை மொழிபெயர்ப்பில் பெருக்கிவிட்டாள். இதை அன்று பந்தலில் எழுந்து நின்று விளக்கியிருந்தால் என் மரியாதை மீண்டிருக்குமா என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன்.

முதலில் சிரித்தது செண்டைக்காரர். பிறகு பந்தலே சிரித்தது. சந்துருவும் மைக்கைப் பிடித்தபடியே குனிந்து குனிந்து சிரித்தான். அது வேறு ஒலிபெருக்கியில் நாலு தெருவுக்குக் கேட்டது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ராஜி. இன்னொருத்தி மித்ரா. அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பல் அப்போதே உதிர்ந்துவிடும் என்று நம்பிவிட்டாள். கீதா ஓடி வந்து தூக்கினாள். நந்துவுக்குத் தங்கை அழுவது பொறுக்கவில்லை. மேடையிலிருந்தே அவளைச் சமாதானப்படுத்தினாள்.

"கரையண்டா மித்ரா. நான் பிரார்த்திக்கலை. அச்சன் மாத்ரம்தான்."

அழாதே, நான் வேண்டிக்கொள்ளவில்லை, அப்பா மட்டும்தான் என்று. மிச்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதற்குள் டாக்டர் நந்துவின் வாயை முழுவதும் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்தது. சந்துருவை மைக்கை அணைக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கையசைத்தார். மேடை ஏறி அவர் பக்கத்தில் குனிந்தேன்.

"சார், முன்னால எல்லாம் கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க. பின்னால வந்து பாருங்க" என்று தமிழில் தணிந்த குரலில் சொன்னார்.

கீழ்க் கடைவாயில், இடது பக்கம், ஒட்டி ஒட்டி இருந்த இரண்டு பற்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு குழி. அதற்குள் என்றைக்கோ தின்ற எதுவோ மாட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

"வாடை இங்கிருந்துதான். உணவு இதுல போய்ச் சேருது, கிருமி அதுலயே குடியிருக்கு. மேல எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. இது ஒரு மாசமாவது இருந்திருக்கும். குழந்தைக்கு வலிச்சிருக்குமே?"

"வலிச்சது" என்றாள் நந்து. "அப்பாகிட்ட சொன்னேன். அப்பா அங்கே யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

குழந்தை புகார் மாதிரிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அதுவரை ஊரே சிரித்தபோது எனக்குக் காது மட்டும்தான் சுட்டது. இப்போதுதான் மேடையில் நிற்க முடியாமல் போயிற்று. பன்னிரண்டு நாள், நாளுக்கு இரண்டு முறை, அந்தப் பல்லுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்று நான் வேறொரு குழந்தையின் பல்லை நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டார்ச்சை என் பக்கம் திருப்பினார்.

"நீங்க வாயைத் திறங்க."

"நானா?"

"திறங்க சார்."

திறந்தேன். டார்ச் மேலும் கீழும் போயிற்று. அந்த அம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"குழந்தைக்குச் சோறு ஊட்டறது யாரு?"

"நான்தான். சூடு பாத்து, ஒரு வாய் நான் வச்சுப் பாத்துட்டுத்தான் ஊட்டுவேன்" என்றேன். அதையாவது பாராட்டட்டும் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அதே கரண்டியில?"

"அதே கரண்டியில."

"பிறக்கும்போது இந்தக் கிருமி குழந்தை வாயில இருக்காது சார். வீட்டுல பெரியவங்க வாயில இருந்துதான் அனேகமா போய்ச் சேரும். நீங்க கடைசியா பல் டாக்டர்கிட்ட போனது எப்போ?"

போனதே இல்லை. என் பெண்ணுக்கு நான் இதுவரை சொத்து என்று எதுவும் எழுதி வைக்கவில்லை. சொத்தையை மட்டும் கரண்டி கரண்டியாக எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் பரிசு மித்ராவுக்குத்தான். ஆனால் அவள் வாயைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை. பரிசை வாங்கும்போதும் எடுக்கவில்லை. பல் அழகுக்காகப் பரிசு வாங்கிய அந்தக் குழந்தை இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டிருக்க, பரிசைக் கீதா பிடித்துக்கொண்டிருக்கும் புகைப்படம் கரமனை வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டியிருக்கிறது. புதிதாக வருபவர்கள் ஏன் என்று கேட்பார்கள். யாராவது ஒருவர் சொல்வார்கள். நான் பாத்ரூம் போய்விடுவேன்.

அன்று சாப்பாடு முடிந்ததும் சந்துருவைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "தப்பா நினைச்சுக்காத சந்துரு. புத்தி கெட்டுப் போச்சு" என்றேன்.

அவன் என் தோளில் கை போட்டான். "அது விடுங்க அண்ணே. ஒண்ணு மட்டும் கேக்கறேன். வேண்டிக்கும்போது வீட்டு அட்ரஸ் சொன்னீங்களா? இந்த ஊர்ல ஒரு நூறு மித்ராவாவது இருக்கும். பாவம், வேற எந்தக் குட்டிக்காவது போயிரப் போகுது."

திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவனுடைய அந்தப் பெரிய மனதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

ராஜி வீடு திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கழக்கூட்டம் நெரிசலில் வண்டி முக்கால் மணி நேரம் நின்றது, அப்போதும் என் பக்கம் திரும்பவில்லை. லிஃப்டில் ஏறியதும் சொன்னாள். "நாளையிலேர்ந்து நான் தேய்ச்சு விடறேன். நீங்க உங்களுதைப் பாத்துக்குங்க."

செவ்வாய்க்கிழமை நந்துவின் பல்லை அடைக்கப் போனோம். சந்துருவும் கடையை விட்டுவிட்டு வந்திருந்தான். நாற்காலியில் ஏறி உட்கார்ந்த நந்து, பயத்தில் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொள்ளப் போனேன்.

"சித்தப்பா" என்றாள்.

சந்துரு தயங்கி என்னைப் பார்த்தான். "போ, பிடிச்சுக்கோ" என்றேன். அரை மணி நேரம் அவள் அவன் விரல்களை இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். என் வாழ்க்கையில் பட்ட பொறாமைகளிலேயே நியாயமான பொறாமை அது ஒன்றுதான்.

ஒரு வாரத்தில் வாடை போய்விட்டது. பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் போட்டி போடுவதாக டீச்சர் சொன்னார். எனக்குப் பல் சுத்தம் செய்ய ஐந்து முறை போக வேண்டியிருந்தது. ஐந்தாவது முறை டாக்டர், "இப்போ ஊட்டலாம், ஆனா வேற கரண்டி" என்றார். இரண்டு வருடம் கழித்து நந்துவுக்குப் பல் விழ ஆரம்பித்தது. அவளுக்கு மூன்று மாதம் பிந்தி, ஒரு காலையில் சந்துரு போன் செய்தான்.

"அண்ணே, உங்க பிரார்த்தனை பலிச்சாச்சு. முதல் பல்லு போச்சு."

அது முதல் போன். ஆறு வயதானால் பால்பல் விழத்தானே செய்யும் என்று நான் எவ்வளவு சொல்லியும் பிரயோசனமில்லை. மித்ராவுக்கு இன்றுவரை பன்னிரண்டு பல் விழுந்திருக்கிறது. பன்னிரண்டுக்கும் தவறாமல் தகவல் வந்தது. ஒருமுறை ஆபீசில் முக்கியமான கூட்டத்தில் இருந்தபோது, "மேல் வரிசை, வலது பக்கம், பிள்ளையாருக்கு நன்றி" என்று குறுஞ்செய்தி வந்தது. குடும்பத்தில் யாருக்குப் பல் வலித்தாலும், மாமியார் உட்பட, முதலில் என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

போன மாதம் எனக்கே ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. அதே டாக்டர். காரில் கூட்டிப்போனவன் அதே சந்துரு. பள்ளி விடுமுறை என்பதால் குழந்தைகள் இருவரும் கூடவே வந்திருந்தார்கள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு வெளியே வந்தேன். நந்து கைபேசியில் படம் எடுத்தாள். மித்ராவுக்கு இப்போது பத்து வயது. அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பெரியப்பா, சத்தியமா நான் ஒண்ணும் பிரார்த்திக்கலை, கேட்டோ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பஞ்சைக் கடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். விழுந்த பன்னிரண்டுக்கும் பதிலாக முளைத்தவை பழையவற்றைவிட நேராக இருந்தன.